பாட்டியின் மறதி பேத்திக்கும் வருமா?



வீட்டு முதியவர் ஒருவர் பெற்ற மகனையே நோக்கி, "நீ யாரப்பா?" என்று வினவும் நாள் வரும்போது, வீட்டாரின் உள்ளத்தில் துயரத்தோடு ஓர் அச்சமும் எழுகின்றது. இது பரம்பரை நோயா? சம்பந்தம் பேச வருவோர் கண்ணில் படாதவாறு பாட்டியைப் பின்னறையில் இருத்திக் கதவைச் சாத்தும் குடும்பங்களும் உண்டு. ஆகவே இக்கேள்வியை இம்மாதம் ஆராய்வது நலம்.

1906ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர், மறதி நோயுற்று 55 வயதில் இறந்த ஒரு பெண்மணியின் மூளையை நுண்ணோக்கியின் கீழ் வைத்து நோக்கினார். நரம்பணுக்களுக்கு வெளியே படிவுகளும், உள்ளே முறுக்கிய இழைகளும் தென்பட்டன. படிவுக்கு மூலமான அமிலாய்டு புரதம் நோயற்றோர் மூளையிலும் நாள்தோறும் உண்டாவதே. 2010இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் முதியோரை ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, அப்புரதம் உண்டாகும் வேகம் நோயாளரிடமும் மற்றவரிடமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. அகற்றப்படும் வேகமோ நோயாளரிடம் ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்திருந்தது. குப்பை பெருகியதால் அன்று, கூட்டுவோர் தளர்ந்ததால் வீடு நிறைந்தது.

அந்தக் கூட்டுவோர் யாவர்? உயிரணுவினுள் அமிலமும் நொதிகளும் நிறைந்த சிறு பைகள் உள்ளன. கழிவுகளைக் கரைத்து, பயன்படுவதை மீண்டும் எடுத்துக்கொள்ள அவை உதவுகின்றன. 1955இல் இவற்றுக்கு லைசோசோம் எனப் பெயரிட்டவர் பெல்ஜியத்தின் லூவேன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிறிஸ்தியான் தெ துவ். 1974இல் நோபல் பரிசு பெற்றவர். இவையன்றி, நரம்பணுக்களிடையே உலவிக் கழிவை விழுங்கும் துப்புரவு அணுக்களும் மூளையில் உண்டு.

மரபணு தலையிடுவது பெரும்பாலும் இத்துப்புரவுப் பணியிலேயே. 1993இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர் அபோ-ஈ எனும் மரபணுவின் நான்காம் வகையை இந்நோயோடு தொடர்புபடுத்தினர். மூளையில் கொழுப்பைச் சுமந்து செல்லும் புரதத்தை உண்டாக்குவது இம்மரபணு. நான்காம் வகையிருப்பின் அமிலாய்டு அகற்றம் மந்தமாகின்றது. தாய் தந்தையருள் ஒருவரிடமிருந்து அது வந்தால் ஆபத்து ஏறத்தாழ 3 மடங்கு. இருவரிடமிருந்தும் வந்தால் 8 மடங்கோ அதற்கு மேலோ. ஆயினும் அதைச் சுமந்தும் நோயின்றி முதுமை எய்தியோர் பலர். சுமவாமலே நோயுற்றோரும் பலர்.

மரபணு ஒன்றே நோயைத் தந்துவிடும் குடும்பங்களும் உள்ளன. அவை நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. கொலம்பியா நாட்டின் அந்தியோக்கியா மாநிலத்தில் ஒரு பெரிய உறவினர் கூட்டத்தில் நாற்பதுகளிலேயே மறதி தொடங்குகின்றது. அவர்களுள் ஒரு பெண்மணி அதே மரபணுப் பிழையைச் சுமந்தும், மூளையில் அமிலாய்டு மிகுந்தும், எழுபது வயதுவரை தெளிந்த நினைவோடு வாழ்ந்தார். அவருடைய அபோ-ஈ மரபணுவில் இருந்த அரியதொரு மாற்றமே காத்திருக்கலாம் என்று 2019இல் ஆய்வாளர் எழுதினர். நோய் தரும் மரபணுவையே மற்றொரு மரபணு தடுத்து நிறுத்திய விந்தை இது!

மரபணுவை மாற்ற நம்மால் இயலாது. ஆனால் நினைவிழப்பு நோய்களில் சுமார் 45 விழுக்காடு, மாற்றத்தக்க 14 காரணங்களோடு தொடர்புடையது என 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆய்வுக் குழு கணித்தது. இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைபிடித்தல், காது மந்தம் ஆகியவை அவற்றுள் அடங்கும். மனித உறவற்ற தனிமையும் ஒன்று. பின்னறைக் கதவைச் சாத்துவோர் இதனைக் கவனிக்க.

உங்கள் குடும்பத்தில் 65 வயதுக்கு முன்னரே, அதுவும் தலைமுறைதோறும், இந்நோய் கண்டிருப்பின் நரம்பியல் மருத்துவரிடம் மறையாது கூறுங்கள். எண்பதில் பாட்டிக்கு வந்த மறதியை மணப்பேச்சில் ஒளிக்கத் தேவையில்லை.