பார்மட் அடிச்சா எல்லாம் சரியாயிடுமா?

நம்ம ஊர்ல கம்ப்யூட்டருக்கு ஒரே வைத்தியம்தான் மக்கா: "பார்மட் அடிச்சிரு". 2011-ல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோசோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வந்தது. எங்க தெரு அண்ணன்மார் முதல் வேலையா அதை அழிச்சாங்க. அந்தப் பழக்கம் இன்னும் போகல.

போன மாசம் நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரி லேப். (பேர் வேண்டாம், நான் பாஸாகணும்! :-)) சர்வரின் பூட் டிஸ்க் சாகக் கிடந்தது. டிடி கட்டளையால் புது டிஸ்க்கில் அப்படியே குளோன் எடுத்தார்கள். பழையதைக் கழற்றிவிட்டு பூட் செய்தால், ரூட் கிடைக்கவில்லை என்று எமர்ஜென்சி ஷெல்லில் போய் நின்றது. உடனே தீர்ப்பு: "குளோன் சரியில்ல, பார்மட் அடி!"

குளோன் சரியாகத்தான் இருந்தது அய்யா! அந்த சர்வரில் ஸ்டோரேஜுக்கு இரண்டு கேபிள் வழி. இரண்டு வழியில் தெரிவதையும் ஒரே டிஸ்க்காகக் காட்டுவது மல்டிபாத். டிஸ்க்கே சொல்லும் டபிள்யுடபிள்யுஐடி எண்ணை வைத்துத்தான் அது ஆளை அடையாளம் காணும். டிடி தகவலை நகலெடுக்கும், அந்த எண்ணை நகலெடுக்காது. யாரோ எப்போதோ பூட் டிஸ்க்கையும் மல்டிபாத்தில் சேர்த்துவிட்டிருந்தார்கள். பழைய எண்ணுக்கு 'எம்பாத்ஏ' என்று பெயர். புது டிஸ்க்குக்கு வேறு பெயர் விழுந்தது. பூட் லோடரும் எஃப்எஸ்டேபும் எம்பாத்ஏ-வையே கேட்டு நின்றன.

வடசேரியிலிருந்து பார்வதிபுரத்துக்கு வீடு மாறினால் ரேஷன் கார்டில் பழைய முகவரி இருக்கும். கார்டைத் திருத்துவீர்களா, புது வீட்டை இடிப்பீர்களா?

சீனியர் அக்கா ஒருவர் கார்டைத் திருத்தினார். ரெஸ்க்யூ பென்டிரைவில் பூட் செய்து, பூட் லோடரிலும் எஃப்எஸ்டேபிலும் யுயுஐடி எழுதினார். மல்டிபாத் பட்டியலில் பழைய எண்ணை நீக்கி, புது பூட் டிஸ்க்கை பிளாக்லிஸ்டில் போட்டார். கடைசியாக டிராகட். இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் பழைய பட்டியலின் நகல் இருக்கும். அதைப் புதுப்பிக்காவிட்டால் மற்றதெல்லாம் வீண். இன்னொன்று: பழைய டிஸ்க்கைக் கூடவே மாட்டாதீர்கள். இரண்டுக்கும் யுயுஐடி ஒன்றுதான், குழப்பம் வரும்.

"ஒரு மணி நேரத்துல புதுசா போட்டிரலாமே" என்கிறது பார்மட் கட்சி. இன்ஸ்டாலர் திரையில் ஸ்டோரேஜ் டிஸ்க்குகளும் வந்து நிற்கும். ஒரு தப்பான டிக் போதும், மூணு பேட்ச் புராஜெக்ட் காலி. அதற்கு யார் பொறுப்பு?

பரீட்சையில் கட்டளைகளுக்கு விரிவாக்கம் எழுத வைக்கிறார்கள். திரையில் வரும் பிழைச் செய்தியை வாசிக்க யாரும் சொல்லித்தருவதில்லை. அடுத்த முறை யாராவது "பார்மட்" என்றால், "எரர் என்ன சொல்லுது?" என்று கேளுங்கள். பதில் வரவில்லையா? முதலில் பென்டிரைவைப் பிடுங்கி வையுங்கள்.