தலைக்கு மேல் ஒரு கண்: நாம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது நிதானமாகப் படியுங்கள்.

எங்கள் ஊர்த் தேரோட்டத்தில் இந்த வருஷம் போலீஸ் ட்ரோன் பறந்தது. அதைப் படம் எடுத்துப் போட்ட பழைய மாணவன் ஒருவன், "பாதுகாப்புதானே சார், மடியில் கனமில்லாதவனுக்கு என்ன பயம்?" என்று எழுதியிருந்தான். பாதுகாப்பு வேண்டும்தான். ஆனால் பேச்சை அதோடு முடித்துவிடக் கூடாது. ஏன் என்று சொல்ல, அமெரிக்காவில் நான் கண்ணால் பார்த்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

2015-ல் மேரிலாண்ட் மாநிலத்தில், பால்டிமோருக்கு வடகிழக்கே இருந்த மகள் வீட்டில் சில மாதங்கள் தங்கியிருந்தேன். நடைப்பயிற்சிக்குப் போனால் மரங்களுக்கு மேலே, வெகு உயரத்தில் வெள்ளையாக ஒன்று நிற்கும். விமானம் என்றால் நகர வேண்டுமே, இது நின்ற இடத்திலேயே நின்றது. கொழுத்த மீன் போல உடம்பு, பின்னால் துடுப்புகள். ஆகஸ்டுக்குப் பிறகு அது இரண்டானது. பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டேன். "ராணுவத்தோடது" என்றார். எதற்கு என்று கேட்டால் தோளைக் குலுக்கினார். தினமும் தலைக்கு மேல் நிற்கும் ஒன்று எதற்கு என்று அங்கேயே குடியிருப்பவருக்குத் தெரியவில்லை.

தேடிப் படித்ததில் தெரிந்தது இது. அதன் பெயர் ஜேலென்ஸ். அபர்டீன் ராணுவச் சோதனைத் தளத்தில் கேபிளால் கட்டி, சுமார் 10,000 அடி உயரத்துக்கு ஏற்றிய ஹீலியம் பலூன். நீளம் 243 அடி. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப் படுக்க வைத்தால்கூட இதைவிடக் குறைவுதான். வயிற்றில் ரேடார். ரேடார் அலை நேர்கோட்டில் போகும், பூமியோ உருண்டை. அதனால் தரையை ஒட்டிப் பறந்து வரும் குரூயிஸ் ஏவுகணை, தரையில் இருக்கும் ரேடாருக்கு மிகவும் தாமதமாகத்தான் தெரியும். ரேடாரை உயரே ஏற்றினால் முன்கூட்டியே தெரியும். வாஷிங்டனைக் காக்கத்தான் இந்த ஏற்பாடு. சுமார் 550 கிலோமீட்டர் வரை பார்க்கும் என்றார்கள். காரணம் நியாயமானது, அறிவியலும் சரியானது.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். அந்த ஏப்ரல் 15-ம் தேதி ஒரு தபால்காரர் சின்ன கைரோகாப்டரில் பறந்து வந்து, நாடாளுமன்றக் கட்டடத்துப் புல்வெளியிலேயே இறங்கிவிட்டார். அன்று பலூன் செயல்பாட்டில் இல்லை என்று பதில் வந்தது. அக்டோபர் 28-ம் தேதி பலூன் ஒன்று அறுத்துக்கொண்டு போயே போய்விட்டது. சுமார் 6,700 அடி கேபிளை இழுத்துக்கொண்டு, மின்கம்பிகளை அறுத்துக்கொண்டு, பக்கத்து மாநிலமான பென்சில்வேனியா வரை போனது. இரண்டு எஃப்-16 போர் விமானங்கள் கூடவே போயின. ஆயிரக்கணக்கான வீடுகளில் மின்சாரம் போயிற்று. கடைசியில் மரங்களுக்கிடையே விழுந்து கிடந்ததைப் போலீசார் துப்பாக்கியால் சுட்டுக் காற்றை இறக்கினார்கள். நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. அறுந்தால் தானாகக் காற்றை இறக்கும் அவசரக் கருவி ஒன்று அதில் இருந்தது. அது ஏன் வேலை செய்யவில்லை? அதற்கு பேட்டரி போடவே இல்லை என்று விசாரணையில் தெரிந்தது. 270 கோடி டாலர் அளவுக்குச் செலவான திட்டம்!

படித்ததும் சிரிப்பு வரும். ஆனால் பேட்டரி இல்லை என்பது வெளியே வந்ததே, அது எப்படி? விசாரித்தார்கள், மக்களுக்குச் சொன்னார்கள், நாடாளுமன்றம் பணத்தை நிறுத்தியது. விபத்துக்கு முன்பே, 2014-ல், எபிக் என்ற அமைப்பு இந்தப் பலூன் பற்றிய ஆவணங்களைக் கேட்டு நீதிமன்றம் போயிருந்தது. அவர்கள் கேட்டதற்கும் காரணம் உண்டு. மேரிலாண்டில் கேமரா கிடையாது என்றது ராணுவம். ஆனால் இதே பலூனில் கேமராவைப் பொருத்தி யூட்டா மாநிலத்தில் சோதித்துப் பார்த்ததைத் தயாரிப்பு நிறுவனமே அறிவித்திருந்தது. இன்று இல்லாததை நாளை மாட்டுவதற்கு எத்தனை நேரமாகும்?

இப்போது "மடியில் கனம்" கேள்விக்கு வருகிறேன். தலைமையாசிரியர் ஜன்னலோரம் நின்றால் வகுப்பு எப்படி இருக்கும்? ஊசி விழுந்தால் கேட்கும். ஆனால் அன்று ஒரு பையனும் எழுந்து சந்தேகம் கேட்க மாட்டான். அவன் தப்பு செய்தவன் இல்லை, ஆனாலும் வாய் திறக்க மாட்டான். எப்போதும் யாரோ பார்க்கும் ஊரிலும் அதுதான் நடக்கும். கூட்டத்துக்குப் போக யோசிப்பான், மனுவில் கையெழுத்துப் போடத் தயங்குவான். திருடனுக்காக வைத்த கண்ணுக்கு நல்லவனும் அடங்கிப்போவான்.

நம் நாட்டிலும் இந்தக் காலம் வந்துவிட்டது. 2025 மே 3 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷியோப்பூரில் டி.ஆர்.டி.ஓ. ஓர் ஆகாயக்கப்பலைச் சுமார் 17 கிலோமீட்டர் உயரம் வரை பறக்கவிட்டுச் சோதித்தது. அறிவியல் வாத்தியாரான எனக்கு அதில் பெருமைதான். எல்லைக்கு அது தேவை. அதே சமயம், டி.ஆர்.டி.ஓ. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பெரும்பாலும் விலக்குப் பெற்ற அமைப்பு. 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், தான் குறிப்பிடும் அரசு அமைப்புகளுக்கு விலக்குத் தர மத்திய அரசுக்கு அதிகாரம் கொடுக்கிறது. ஆனால் 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். வழக்குப் போட்டவர் எண்பது வயதைத் தாண்டிய ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி. ஓய்வுபெற்றவன் ஈசிசேரில் சாய்ந்திருந்தால் போதும் என்று அவர் நினைக்கவில்லை.

ஆகவே பலூனோ, ட்ரோனோ, தெருமுனைக் கேமராவோ, எதுவாக இருந்தாலும் இந்த மூன்றைக் கேளுங்கள். அது எதையெல்லாம் பார்க்கிறது? பார்த்ததை யார், எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? தவறு நடந்தால் யார் பதில் சொல்வார்கள்? பதில் இருந்தால் தாராளமாக வைக்கட்டும். நானே கைதட்டுவேன். பதில் சொல்லாமல் வைத்தால், அது யாருடைய பாதுகாப்புக்கு என்று நாம் சந்தேகப்பட்டாக வேண்டும்.

காவல்துறையிலும் நகராட்சியிலும் வேலை பார்க்கும் என் பிள்ளைகளே, இந்தக் கேள்வியோடு யாராவது உங்கள் மேஜைக்கு வந்தால் அவரை எதிரியாகப் பார்க்காதீர்கள். மற்றவர்கள், உங்கள் தெருக் கேமரா பற்றி ஓர் ஆர்.டி.ஐ. மனு போடுங்கள். கட்டணம் பத்து ரூபாய்தான். எங்கள் தெருவுக்கு நான் எழுதி வைத்துவிட்டேன், திங்கட்கிழமை தபாலில் சேர்க்கிறேன். மாதிரி வேண்டுவோர் கமெண்டில் சொல்லுங்கள், அனுப்புகிறேன்.