மூணு கிலோ சுதந்திரம்

பெண் பார்க்கப் போகிறவனுக்கும் லேப்டாப் பார்க்கப் போகிறவனுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டு பேருமே மனசுக்குள் முடிவு பண்ணிவிட்டுத்தான் நம்மிடம் அபிப்பிராயம் கேட்க வருவார்கள். ‘வேண்டாம்’ என்று சொல்லிப் பாருங்கள்... ஒரு மாசத்துக்கு நம் தெருப் பக்கமே தலை காட்ட மாட்டார்கள்!

என் அக்கா மகன் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். (2004 வரை ஓசூரும் எங்கள் தர்மபுரி மாவட்டம்தான். கிருஷ்ணகிரி தனிக்குடித்தனம் போனபோது ஓசூரையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது.) சம்பளம் 26,000. ஜாகை ஒரு பி.ஜி.யில். சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி தர்மபுரி வந்தால், திங்கட்கிழமை விடியற்காலை திரும்பிப் போவான்.

போன மாசம் வந்தவன் ஆரம்பித்தான்.

‘‘மாமா, கேமிங் லேப்டாப் ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன். எண்பத்தஞ்சாயிரம். வீட்ல இருக்கற டெஸ்க்டாப்பைக் கொடுத்தா கடைக்காரர் ஏழாயிரம் கழிச்சுக்கறாராம். பாக்கி பன்னெண்டு மாசத் தவணை. வட்டியே கிடையாது! நீங்க பி.காம். ஆச்சே... ஒரு வார்த்தை சொல்லுங்க.’’

பி.காம். படித்தவனிடம் போய் யாராவது கம்ப்யூட்டர் பற்றிக் கேட்பார்களா? கேட்டான். காரணம், அவன் அம்மாவிடம் நான்தான் சிபாரிசு பண்ண வேண்டும்!

சரி, கேட்டுவிட்டான். ஆராய்ச்சியில் இறங்கினேன்.

தூக்கிக்கொண்டு போகிற கம்ப்யூட்டர் என்பது இன்று நேற்று வந்த ஆசையில்லை. 1981-ல் அமெரிக்காவில் ‘ஆஸ்போர்ன் 1’ என்று ஒரு பெட்டி வந்தது. விலை 1,795 டாலர். எடை சுமார் 11 கிலோ. அஞ்சு அங்குலத் திரை. மூடினால் தையல் மெஷின் பெட்டி மாதிரி இருக்கும். பிளக்கில் சொருகினால்தான் உயிர் வரும். அதையும் ‘எங்கே வேண்டுமானாலும் கொண்டு போகலாம்’ என்றுதான் விற்றார்கள். ஜனங்களும் வாங்கினார்கள்!

இன்றைய கேமிங் லேப்டாப் இரண்டரை கிலோ. அதன் சார்ஜரைப் பார்த்திருக்கிறீர்களா? செங்கல்! அதையும் சேர்த்தால் மூணு கிலோவைத் தாண்டும். ‘செங்கல் எதுக்கு? பேட்டரிதான் இருக்கே’ என்பீர்கள். இங்கேதான் கணக்குப் பாடம் வருகிறது. 100 வாட்-ஹவருக்கு மேற்பட்ட பேட்டரியை விமானத்தில் கொண்டு போகத் தனி அனுமதி வேண்டும். அதனால் கம்பெனிகள் அந்தக் கோட்டைத் தாண்டுவதே இல்லை. பெரிய பேட்டரி என்றால்கூட 90, 99... அவ்வளவுதான். விளையாட்டு மும்முரத்தில் மெஷின் 150 வாட் இழுக்கிறது என்று வையுங்கள். 90-ஐ 150-ஆல் வகுத்தால்? முப்பத்தாறே நிமிஷம்! அதற்குப் பயந்தே நிறைய மாடல்கள் பிளக்கைப் பிடுங்கியதும் கிராஃபிக்ஸ் கார்டின் வேகத்தைத் தானாகக் குறைத்துக்கொள்கின்றன. ஆக, விளையாட வேண்டுமென்றால் சுவர் ஓரமாகத்தான் உட்கார வேண்டும். பழைய டெஸ்க்டாப் இருந்த அதே சுவர்!

இன்னொரு சமாசாரம், பெயர் மகிமை. ‘ஆர்.டி.எக்ஸ். 4070’ என்று டெஸ்க்டாப்புக்கு ஒரு கார்டு உண்டு. அதில் 12 ஜி.பி. மெமரி. அதே பெயரில் லேப்டாப்புக்கு வருவதில் 8 ஜி.பி. உள்ளே இருக்கும் சிப்பும் வேறு. போகட்டும், ஒரே 4060 என்று போட்ட இரண்டு லேப்டாப்பாவது ஒன்றா? அதுவும் இல்லை. லேப்டாப் கம்பெனி அந்தக் கார்டுக்கு 35 வாட்டும் கொடுக்கலாம், 115 வாட்டும் கொடுக்கலாம். ஒரே பெயர் வைத்த இரண்டு பிள்ளைகளில் ஒருத்தனுக்கு மூணு வேளை பிரியாணி, இன்னொருத்தனுக்கு ஒரு வேளை கஞ்சி. ஓட்டப் பந்தயத்தில் விட்டால் என்ன ஆகும்? கடைக்குப் போகிறவர்கள் கார்டின் பெயரைக் கேட்டுவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். ‘எத்தனை வாட்?’ என்று கேளுங்கள். விற்பனைப் பையன் முழித்தால், நீங்கள் சரியான கேள்வி கேட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

உடனே ‘லேப்டாப்பே தண்டம்’ என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். 2012-ல் எங்கள் பக்கம் ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் போகும். டெஸ்க்டாப் வைத்திருந்தவன் யூ.பி.எஸ். போடுகிற ‘கீ... கீ...’ சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஃபைலை சேமிக்க ஓடுவான். லேப்டாப் வைத்திருந்தவன் ராஜா! அரசாங்கம் மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தது 2011 செப்டம்பர் 15-ல். நான் பி.காம். முடித்தது அதே வருஷம் ஏப்ரலில். அஞ்சே மாசம்! எனக்கு அடுத்த செட் பையன்கள் மடியில் பெட்டியோடு போவதைப் பார்த்த வயிற்றெரிச்சல் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது.

தவிர, மாப்பிள்ளை இரண்டு ஊர்க்காரன். வாரத்தில் ஆறு நாள் ஓசூர், ஒரு நாள் தர்மபுரி. பி.ஜி.யில் ஒரு கட்டில்தான் அவன் ராஜ்ஜியம். அங்கே டெஸ்க்டாப்பை எங்கே வைப்பது? அடுத்த கட்டில்காரன் தலைமாட்டிலா? அவனுக்கு லேப்டாப்தான் லாயக்கு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சந்தேகம் அந்த ஏழாயிரத்தில்தான் வந்தது.

‘‘டெஸ்க்டாப்பைக் கொடுத்துட்டா, பாப்பா எதுல படிப்பா?’’ என்றேன்.

பாப்பா என்பது அவன் தங்கை. டிகிரி முடித்துவிட்டு குரூப் 4-க்குத் தயாராகிறாள். காலையில் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் நடக்கிற இலவச வகுப்பு. சாயங்காலம் அந்த டெஸ்க்டாப்தான் அவளுக்கு வாத்தியார். பாடம் பார்ப்பது, பழைய கேள்வித்தாள் போட்டுப் பார்ப்பது எல்லாம் அதில்தான்.

‘‘போன்ல பார்த்துப்பா மாமா.’’

‘‘அப்ப நீயும் போன்லயே விளையாடேன்?’’

பதில் இல்லை. அப்புறம் சட்டம் பேசினான். ‘‘அது செத்த பெட்டி மாமா. 2017-ல வாங்கினது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட மைக்ரோசாஃப்ட் கையை விரிச்சாச்சு. இன்டெல் ஏழாம் தலைமுறை சிப்புக்கு விண்டோஸ் 11 ஏறாது.’’

சொன்னது வாஸ்தவம். ஆனால் செத்தது விண்டோஸ் 10, பெட்டி இல்லை! பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி ஒரு எஸ்.எஸ்.டி. மாட்டி, காசில்லாமல் கிடைக்கிற லினக்ஸ் போட்டால், பாடம் பார்க்கவும் கேள்வித்தாள் போடவும் இன்னும் சில வருஷம் ஓடும். மொத்தச் செலவு அவனுடைய ஒரு மாசத் தவணைக்குள் அடங்கும். டெஸ்க்டாப்பில் இதுதான் சௌகரியம். கூட்டுக் குடும்பம் மாதிரி, ஒருத்தருக்கு உடம்பு சரியில்லை என்றால் அவரை மட்டும் கவனித்தால் போதும். லேப்டாப்பில் சிப்பும் கிராஃபிக்ஸ் கார்டும் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்தவை. ஒன்று படுத்தால் சேர்ந்து படுக்கும்.

இனி என் பி.காம். வேலை. ‘வட்டியே கிடையாது’ என்றானல்லவா? பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்ற அர்த்தத்தில் ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. வட்டி எங்கேயும் போகாது. விலைக்குள்ளேயோ, பிராசஸிங் கட்டணத்துக்குள்ளேயோ ஒளிந்துகொண்டிருக்கும். சரி, அதை விடுங்கள். 78,000-ஐப் பன்னிரண்டால் வகுத்தால் மாசம் 6,500. பி.ஜி.க்கு 7,000. வீட்டுக்குக் கொடுப்பது 8,000. மிச்சம் 4,500. அதில் பஸ், டீ, போன், சினிமா, ஜுரம் எல்லாம்!

அடுத்தது தேய்மானம். வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்கு வருஷம் 40 சதவீதம் தேய்மானம் போடுவார்கள். 85,000 முதல் வருஷ முடிவில் 51,000, அடுத்து 30,600, மூணாவது வருஷம் 18,360. நிலம் வாங்கினவன் மாதிரி ‘அசெட் மாமா’ என்கிறானே... இது ஐஸ்கட்டி அசெட்!

‘‘ரேம் விலை ஏறிட்டே போகுதே மாமா?’’ என்றான் கடைசி அஸ்திரமாக. அதுவும் பொய்யில்லை. ஏ.ஐ. கம்பெனிகள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியில் விலை எகிறியது. மைக்ரான் கம்பெனி ‘க்ரூஷியல்’ என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்த வியாபாரத்தையே விடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. ‘‘அப்படின்னா உள்ளே நல்ல ரேம் இருக்கற டெஸ்க்டாப்பை ஏழாயிரத்துக்கு ஏன்டா தள்ளற?’’ என்றேன். அதற்கும் பதில் இல்லை.

அக்கா அதுவரைக்கும் முறத்தில் ராகி புடைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். பாப்பாவும் வாயைத் திறக்கவில்லை. அது எனக்கு என்னவோ செய்தது. ‘கூடாது’ என்று அவள் சண்டை போட்டிருந்தால் பரவாயில்லை. அண்ணன் சம்பாதிக்கிறான், தான் இன்னும் சம்பாதிக்கவில்லை; அதனால் கேட்கிற உரிமை தனக்கு இல்லை என்று அவளே தீர்மானித்துவிட்டாள் போலிருக்கிறது. நிறைய வீடுகளில் பெண் பிள்ளைகள் இப்படித்தான் வாயை மூடிக்கொள்கிறார்கள். பழைய பெட்டிக்குக் கடைக்காரர் போடும் விலை ஏழாயிரம். அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவள் பாஸானால் கிடைப்பது அரசாங்க உத்தியோகம். இந்த இரண்டாவது தொகையை எந்தக் கடைக்காரரும் கழித்துத் தர மாட்டார்.

இதை அவனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் தலையைக் குனிந்துகொண்டு இருந்தான். அப்புறம், ‘‘பாப்பா, எஸ்.எஸ்.டி. நான் வாங்கித் தரேன்’’ என்றான். சொன்னபடி அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வாங்கி வந்து மாட்டியும் கொடுத்தான். பெட்டி இப்போது ஜம்மென்று ஓடுகிறது.

லேப்டாப்புக்கு ஒரு ஒப்பந்தம். தவணை கட்டுவதாக நினைத்து மாசம் 6,500 ரூபாயை ஆர்.டி.யில் போட வேண்டும். ஆறு மாசத்தில் 39,000 சேரும். கிட்டத்தட்டப் பாதி விலை. மிச்சம் 4,500-ல் வாழ முடிகிறதா என்பதும் தெரிந்துவிடும். அதற்கப்புறமும் ஆசை அப்படியே இருந்தால், அக்காவிடம் சிபாரிசுக்கு நான் ரெடி. ‘வாட்’ பார்த்து வாங்க ஓசூருக்கே கூட வருகிறேன் என்றும் சொன்னேன்.

மாப்பிள்ளை தங்கமான பிள்ளை. மறுவாரமே கணக்குத் திறந்துவிட்டான். முதல் தவணை கட்டிய அன்று ராத்திரி போன் பண்ணினான்.

‘‘மாமா, ஒரு சந்தேகம்... ஆர்.டி.யை நடுவுல உடைச்சா எவ்வளவு பிடிப்பாங்க?’’