பாடியவர் பெயரை உறையில் போடுங்கள்

ஹாலிவுட்டின் இசைப் படங்கள் திரையரங்கை விட்டுப் போன பிறகும் நெடுங்காலம் வீடுகளில் ஒலித்தன. ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ (1961) படத்தின் எல்.பி. இசைத்தட்டு அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 54 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. ‘சவுத் பசிபிக்’ (1958) படத்தின் தட்டு பிரிட்டனில் மொத்தம் 115 வாரங்கள் முதலிடம் வகித்தது. வினைல் மோகம் திரும்பியிருக்கும் இந்நாளில் இத்தகைய தட்டுகளைத் தேடி வாங்குகிறார்கள். நிறுவனங்களும் பழைய உறையை அப்படியே நகலெடுத்து மறுபதிப்புச் செய்கின்றன. இசையைக் காப்பாற்றும் வேலை என்பதால் வரவேற்கலாம். ஆனால் உறையோடு சேர்ந்து ஒரு பழைய அநீதியும் மறுபடி அச்சாகிறது. அந்தத் தட்டுகளில் பாடிய பலரின் பெயர் அவற்றின் உறையில் இல்லை. இனி வரும் ஒவ்வொரு பதிப்பிலும் அந்தப் பெயர்கள் இருந்தாக வேண்டும்.

மார்னி நிக்ஸன் என்ற ஒருவரின் கதையே போதும். ‘தி கிங் அண்ட் ஐ’ (1956) படத்தில் டெபரா கெருக்காகவும், ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’யில் நட்டாலி உட்டுக்காகவும், ‘மை ஃபேர் லேடி’ (1964) படத்தில் பெரும்பாலான பாடல்களில் ஆட்ரி ஹெப்பர்னுக்காகவும் பாடியவர் அவர். மூன்று படங்களிலும் அவர் பெயர் வரவில்லை. அன்றைய தட்டுகளிலும் இல்லை. ‘தி கிங் அண்ட் ஐ’ தட்டுக்காக அவருக்குக் கிடைத்தது 420 டாலர். உண்மையை வெளியே சொன்னால் இனி இந்த ஊரில் வேலை கிடைக்காது என்று எச்சரிக்கப்பட்டதாகப் பின்னாளில் அவரே கூறியிருக்கிறார். டெபரா கெர் பெருந்தன்மையோடு தாமாகவே பத்திரிகையாளரிடம் அவர் பங்கைச் சொன்னார். ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ தட்டின் விற்பனையில் தயாரிப்பாளர்கள் பங்கு தர மறுத்தபோது, இசையமைப்பாளர் லெனர்ட் பெர்ன்ஸ்டைன் தம் சொந்த ராயல்டியிலிருந்து கால் சதவீதத்தை அவருக்கு ஒதுக்கினார். செய்தது தவறென்று அன்றைக்கே தெரிந்தவர்கள் இருந்தார்கள் என்பதற்கு இந்த இருவரும் சாட்சி. அதே படத்தில் கதாநாயகன் ரிச்சர்ட் பெய்மருக்குப் பாடியவர் ஜிம் பிரையன்ட். ‘சவுத் பசிபிக்’கில் நடந்தது இன்னும் வேதனையானது. மேடையில் அதே வேடத்தைப் பாடி நடித்து டோனி விருது பெற்ற ஹுவானிட்டா ஹாலுக்கே, படத்தில் மியூரியல் ஸ்மித்தின் குரலைப் போட்டார்கள். ஸ்மித்தின் பெயரைச் சொல்லவில்லை. ரோஸானோ பிராட்ஸிக்காகப் பாடிய ஓபரா பாடகர் ஜியார்ஜியோ டோஸியின் பெயரை மட்டும் வெளிப்படையாகப் போட்டார்கள். ஆக, பெயர் போடும் வழி தெரியாமல் இல்லை. யாருக்குப் போடலாம் என்ற கணக்குதான் இருந்தது.

சினிமாவே ஒரு மாயை, முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது என்று தெரிந்தால் ரசிகனின் லயிப்பு கெட்டுவிடும் என்று அன்றைய ஸ்டூடியோக்கள் வாதிட்டன. திரைக்கு அந்த வாதம் ஓரளவு பொருந்தலாம். இசைத்தட்டுக்குப் பொருந்தவே பொருந்தாது. தட்டில் முகம் கிடையாது, நடிப்பு கிடையாது; காசு கொடுத்தவர் வாங்கியது குரலை மட்டுமே. அந்தக் குரலுக்கு உரியவரை மறைத்துவிட்டு நடிகையின் படத்தை உறையில் போட்டு விற்றதைக் கலையின் தேவை என்று எப்படிச் சொல்வது? லயிப்பு கெடும் என்ற பயத்துக்கும் ஆதாரமில்லை. நம் நாட்டையே பாருங்கள். ‘மஹல்’ (1949) என்ற இந்திப் படப் பாடலின் தட்டில் லதா மங்கேஷ்கரின் பெயருக்குப் பதில் ‘காமினி’ என்ற பாத்திரத்தின் பெயரே இருந்தது. அதன்பின் இந்தியத் தட்டுகளில் பாடகர் பெயர் வழக்கமானது. யார் பாடுகிறார் என்று தெரிந்துகொண்டே நாம் பல தலைமுறைகளாகத் திரையில் வாயசைக்கும் நடிகர்களையும் ரசித்து வருகிறோம்.

பாடகர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள், கூலி வாங்கினார்கள், அதோடு கணக்கு முடிந்தது என்பவர்களும் உண்டு. ஒப்பந்தம் பணத்தைத் தீர்த்திருக்கலாம். யார் பாடினார் என்ற உண்மையை அது மாற்றிவிடாது. சேகரிப்பாளர்களின் தயக்கம் இதைவிடக் கனமானது: பழைய உறை ஒரு வரலாற்று ஆவணம், அதில் கை வைக்கலாமா? வைக்க வேண்டியதில்லை. முன்பக்கம் இருந்தபடியே இருக்கட்டும். பின்பக்கத்திலோ உள்ளே வைக்கும் தாளிலோ எந்தப் பாடலை யார் பாடினார் என்று அச்சிட்டால் ஆவணம் சிதையாது, முழுமை பெறும். சில சிடி பதிப்புகளில் இது ஏற்கெனவே நடந்திருக்கிறது. பதிப்பாளரின் நல்லெண்ணத்தைப் பொறுத்திருக்கும் அந்த வழக்கம் கட்டாயமாக்கப்பட வேண்டும்.

‘சிங்கிங் இன் த ரெயின்’ (1952) படத்தின் கதையே, திரைக்குப் பின்னால் நின்று நட்சத்திரத்துக்காகப் பாடும் பெண்ணுக்கு நியாயம் கிடைப்பதுதான். அந்தப் பெண்ணாக நடித்த டெபி ரெனால்ட்ஸ் நட்சத்திரத்துக்காகப் பாடும் ஒரு காட்சியில் கேட்பது பெட்டி நோயஸின் குரல். படத்தில் அவருக்குப் பெயர் தரவில்லை. நேரில் கேட்டறிய மார்னி நிக்ஸனும் இன்று இல்லை; அவர் 2016-இல் காலமானார். பதிப்புரிமையை வைத்திருக்கும் நிறுவனங்களிடம் பழைய ஒப்பந்தங்களும் ஒலிப்பதிவுக் குறிப்புகளும் எஞ்சியிருக்கும்போதே அவற்றைப் புரட்டி, பாடியவர்கள் எல்லோருடைய பெயரையும் அடுத்த பதிப்பிலேயே அச்சிட வேண்டும். பழைய தட்டை வைத்திருப்பவர்களும் அதன் உறைக்குள் ஒரு சீட்டில் அந்தப் பெயர்களை எழுதி வையுங்கள்.