பாகமண்டலத்து வயலும் காரைக்கால் கடைமடையும்

காரைக்கால் பகுதியில் நிலமுடையோர் ஆனி மாதம் பிறந்தவுடன் மேட்டூரில் நீர் எத்தனை அடி என்று வினவுவது பழைய வழக்கம். கிருஷ்ணராஜசாகரத்தின் நிலையைச் சிலர் விசாரித்துக்கொள்வர். அதற்கும் மேலே, ஆறு பிறக்கும் மலைநாட்டில், எவர் பயிரிடுகின்றனர், என்ன பயிரிடுகின்றனர், அந்தப் பயிர்த்தொழில் நிலைத்து நிற்கிறதா, குறைந்து வருகிறதா என்று கேட்போர் மிக அரியர். அரசலாற்றின் கடைசி மடையில் நாற்று விடுகிறவனுக்கு இக்கேள்வி அயலாருடைய விஷயம் அன்று.

தலைக்காவேரியைக் கேள்விப்படாத குடியானவர் இல்லை. அதன் அடிவாரத்தில் ஐந்து மைல் தொலைவில் உள்ள பாகமண்டலத்தைக் கோயில் ஊர் என்று அறிந்தோரும் உண்டு. அது ஓர் உழவூர் என்பதே இங்குப் பலரும் அறியாதது. குடகு ஜில்லாவில், மடிக்கேரியிலிருந்து 24 மைல் தூரத்தில், காவிரியுடன் கன்னிகை என்னும் சிற்றாறு வந்து கூடுமிடத்தில் அது அமைந்துள்ளது. சாதாரண ஆண்டிலேயே அங்கு மழை 200 அங்குலத்தைத் தாண்டும். காரைக்காலில் பெய்வது அதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கே. அதுவும் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றால் வருவது. அங்கோ ஆனி முதல் ஆவணி வரையில் வானம் வெளிவாங்குவதே அருமை.

கொடவரும், அரெபாஷை பேசும் கௌடரும் அந்நாட்டின் முக்கியமான உழுகுடிகள். இரு குன்றுகளுக்கு இடைப்பட்ட பள்ளத்தில் நெல் வயல். அதன் மேற்சரிவில் வீடு. வீட்டுக்கும் மேலே பாணெ என்று வழங்கும் மரக்காடு. பூர்வத்தில் பாணெ தனி நிலமாகக் கருதப்படவில்லை. வயலுக்குத் தழையுரம், வீட்டுக்கு விறகு, மாட்டுக்கு மேய்ச்சல் ஆகியவற்றுக்காக வயலோடு சேர்த்து விடப்பட்டது அது. வயல்தான் முதல், காடு அதற்குத் துணை. நம் மிராசு கிராமங்களின் நத்தம், மேய்ச்சல் புறம்போக்கு முதலியவற்றின் வழக்கை அறிந்தோர்க்கு இந்த ஏற்பாடு எளிதில் விளங்கும். பின்னாளில் பாணெயின் நிழலில் காப்பியும் மிளகும் ஏலமும் ஏறின. நெல்லோ ஒரே போகம். ஆடி மாதத்தில் நட்டு மார்கழி வாக்கில் அறுப்பது. நடவு முடிந்ததும் பெரிய வயலின் சேற்றில் ஓட்டப்பந்தயம் நடத்துவதும், புதுக்கதிர் கொண்டுவரும் புத்தரி விழாவும் அவ்வூரார்க்கு நம் பொங்கலைப் போன்றவை. தேனுக்கும் பாகமண்டலம் பெயர் பெற்றிருந்தது. 1991, 1992-ஆம் ஆண்டுகளில் தென்னாட்டில் பரவிய தேனீக் கொள்ளை நோயால் குடகின் அத்தொழிலும் பெரிதும் நலிந்தது.

அந்தப் பள்ளத்து வயல் நெல்லை மட்டும் விளைவிப்பதன்று. மலையில் கொட்டும் மழை வரப்புகளுக்குள் தேங்கி மெல்லத் தரைக்குள் இறங்கி, மழை ஓய்ந்த பின்னும் ஊற்றாகக் கசிந்து ஓடையைச் சேருகிறது. வரப்புகள் அழிந்த இடத்தில் அதே மழை ஒரே நாளில் மண்ணையும் வாரிக்கொண்டு ஆற்றில் விழுகிறது.

இவ்வயல்கள் இப்போது தரிசாகி வருகின்றன. அதற்குக் குடகு உழவனைக் குறை கூறுவது நியாயமாகாது. நடவுக்கு ஆள் கிடைப்பதில்லை; கிடைத்தாலும் கூலி நெல்லின் விலைக்கு ஒவ்வாது. கதிர் முற்றும்போது யானை இறங்குகிறது. பக்கத்துச் சரிவில் உள்ள காப்பியோ 2024-ஆம் ஆண்டில் முன்னெப்போதும் காணாத விலைக்கு விற்றது. ஒரு போக நெல்லுக்காக எவன் சேற்றில் இறங்குவான்? சில வயல்கள் இஞ்சிக் குத்தகைக்குப் போயின; சில, விருந்தினர் தங்கும் மாளிகைகளுக்கு மனையாயின. காப்பித் தோட்டங்களிலும் பல வகை நாட்டு நிழல் மரங்கள் குறைந்து, வெட்டி விற்க எளிதான சில்வர் ஓக் மிகுந்துவிட்டது. ஆயிரத்து இருநூறுக்கு மேற்பட்ட தேவரகாடுகள் என்னும் கோயிற்காடுகள் அந்த ஜில்லாவில் இன்றும் உள்ளன. ஆனால் அவற்றின் பரப்பு முன்போல் இல்லை.

மலையில் நெல் குறைந்தால் நீர்ச்செலவும் குறைந்து நமக்கு மிகுதியாக வருமே என்று சிலர் வாதிப்பதுண்டு. கணக்குக்கு இது பொருத்தமாகத் தோன்றும். ஆயினும் அவ்வயல் குடிப்பது, தேவைக்கு மேல் மழை பெய்யும் மாதங்களின் நீரையே. கடைமடைக்கு வேண்டுவது வெள்ளம் அன்று. காலத்தில் வரும் நீர். அணைகள் இருக்கின்றனவே எனில், அவை நிரம்பிய பின் வருவதைத் தடுத்து வைக்க எவராலும் இயலாது. அடித்து வரும் மண்ணும் அணைகளிலேயே படிகிறது.

2018-ஆம் ஆண்டு இதற்குப் போதிய சான்று. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் குடகில் மலைச்சரிவுகள் பெயர்ந்து வீடுகளையும் தோட்டங்களையும் புதைத்தன, உயிர்ச்சேதமும் உண்டாயிற்று. அதே மாதம் மேட்டூர் நிரம்பி வழிந்தது. 22-ஆம் தேதி முக்கொம்பில் கொள்ளிடத்து அணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. கொள்ளிடம் கரை புரண்டு கடலுக்கு ஓடிய அந்நாட்களிலேயே கடைமடை வாய்க்கால்கள் பலவற்றில் நீர் எட்டவில்லை என்று உழவர் முறையிட்டனர். இதில் ஒரு பங்கு தூர்வாராத வாய்க்கால்களின் குற்றம் என்பதை மறைப்பதற்கில்லை. அது மலைநாட்டாரிடம் கேட்க வேண்டிய காரியமும் அன்று. 2020 ஆகஸ்டில் தலைக்காவேரியிலேயே மலை சரிந்தது.

காவிரி நடுவர் மன்றம் 2007-இல் அளித்த தீர்ப்பிலும், உச்ச நீதிமன்றம் 2018 பெப்ரவரியில் திருத்தியளித்த தீர்ப்பிலும் மொத்தம் 740 டி.எம்.சி. நீரில் புதுச்சேரிக்கு, அதாவது காரைக்காலுக்கு, 7 டி.எம்.சி. ஒதுக்கப்பட்டது. அதே 2018-இல் அமைந்த காவிரி நீர் மேலாண்மை ஆணையத்தில் புதுச்சேரிக்கும் ஓர் உறுப்பினர் உண்டு. அங்கே இதுவரை நிகழ்ந்த விவாதங்களில் பெரும்பாலானவை மதகில் எத்தனை கன அடி விடுவது என்பதைப் பற்றியவையே. நீர் பிறக்குமிடத்தின் நிலையையும் விவாதப் பொருளாக்குமாறு வற்புறுத்தும் தகுதி, எல்லோரிலும் கடைசியில் நீர் பெறுகிற காரைக்காலுக்கு உண்டு. மேல்நாட்டாருக்கும் கீழ்நாட்டாருக்கும் 1892 முதல் நடந்துவரும் வழக்கில் இச்சிறு பகுதியின் சொல்லை எவரும் பகைமையாகக் கொள்ளமாட்டார்.

வற்புறுத்த வேண்டுவது இது: பள்ளத்து வயலில் நெல்லைக் கைவிடாத மலைநாட்டு உழவர்க்கு ஏக்கர் வீதம் ஆண்டுதோறும் ஊக்கத்தொகை அளித்தல். இது புதுமையன்று. கேரள சர்க்கார் நெல் வயல்களைப் பாதுகாக்க 2008-இல் சட்டம் செய்து, 2020-இல் வயலை வயலாகவே வைத்திருப்போர்க்கு ஹெக்டேருக்கு 2,000 ரூபாய் அளிக்கத் தொடங்கிற்று. சட்டம் மட்டும் இருந்து பணம் இல்லாதபோது உழவன் வயலைத் தரிசாக விட்டானேயன்றி உழவில்லை என்பது அங்குக் கண்ட அனுபவம். காவிரிப் படுகையில் இச்செலவை நீர்ப்பங்கு வீதம் மாநிலங்கள் ஏற்குமாயின், புதுச்சேரியின் பொறுப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவாகவே முடியும். தொகை சிறிதாயினும் கர்நாடகம் இதை ஏற்குமா என்பது வேறு கேள்வி. தன் குடிகளுக்குப் பணம் வரும் யோசனையை அது உடனே தள்ளிவிடக் காரணமில்லை.

இவ்விஷயத்தை ஆணையத்தில் எழுப்புவதற்கு முன், திருநள்ளாறு, நெடுங்காடு, நிரவி முதலிய கொம்யூன்களின் விவசாய சங்கத்தார் சிலர் அவ்வூரை நேரில் கண்டுவருதல் நலம். ஐப்பசி துலா மாதத்தில் மாயூரத்தில் நீராடச் செல்வோர் இங்குப் பலர். துலா சங்கிரமணத்தன்று தலைக்காவேரிக்கே செல்வோரும் உளர். பின்னவர் தீர்த்தம் கொண்டு அன்றே திரும்பிவிடாமல் பாகமண்டலத்தில் ஒரு நாள் தங்கினால் போதும். அப்போது நெற்பயிர் பச்சையாக வயலில் நிற்கும். எந்த வயல் நட்டது, எது தரிசு என்பது சாலையிலிருந்தே தெரியும்.