குண்டே இல்லாமல் பிஸ்டல் பயிற்சி: உக்கடம் வீட்டுக்குள் முடியுமா?

முடியும். விசையை இழுக்கும்போது கை ஆடாமல் இருக்கணும், அதுதான் பாதி ஆட்டம். அதற்குக் குண்டு எதற்கு? 2020 ஊரடங்கில் நம்ம வீரர்கள் வீட்டுச் சுவரைப் பார்த்து வெறும் துப்பாக்கியில்தான் பழகினார்கள். லேசர் கருவி இருந்தால் குறி எங்கே விழுந்தது என்பதும் தெரிந்துவிடும். 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் 10 புள்ளி வட்டத்தின் விட்டமே 11.5 மில்லிமீட்டர்தான்!

தோட்டா பிஸ்டல் என்றால் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் கட்டாயம். 20 ஜூலுக்குக் குறைவான, 0.177 அங்குல ஏர் பிஸ்டலுக்கு 2016 விதிகளில் விலக்கு உண்டு.

சட்டம் சரி, அக்கம்பக்கம்? ஜன்னலில் பார்ப்பவருக்கு எல்லாமே நிஜத் துப்பாக்கிதான். 2022 அக்டோபரில் கோட்டை ஈஸ்வரன் கோயில் முன் கார் வெடித்ததை மறக்காத ஏரியா இது. பக்கத்து வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்க.