மார்கழிப் பனியும் மோட்டார் விளக்கும்

சென்ற மார்கழி விடுமுறையில் ஒரு நாள், வைகறைப் பொழுதில், தஞ்சையினின்று திருவையாறு செல்லும் சாலையில் யாம் மிதிவண்டி ஏறிச் சென்றுகொண்டிருந்தோம். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகளை அச்சாலை கடப்பதை அன்பர் பலரும் அறிவர். வெண்ணாற்றை நெருங்குகையில் பனி அடர்ந்தது. பத்தடிக்கப்பால் ஒன்றும் தோன்றவில்லை. அவ்வேளை எதிரே ஒரு கார், தன் விளக்குகள் யாவற்றையும் நிமிர்த்து எரியவிட்டுப் பாய்ந்து வந்தது. கண் கூசி இறங்கினோம். ஒரு கால் சாலையிலும் மற்றொரு கால் வாய்க்காற் சரிவிலும் நின்றது. ஓட்டினவர் எம்மைக் கண்டிரார். தம் விளக்கால் வெளுத்த பனிச்சுவரையே அவர் கண்டிருப்பார்.

அவர் கொடியவர் அல்லர். ஒளி மிகுந்தால் பார்வையும் மிகும் என்று எண்ணினார், அவ்வளவே. பனியிலோ அவ்வெண்ணம் பொய்த்துப்போகின்றது. பருவமழை ஓய்ந்து வானந் தெளிந்த, காற்றடங்கிய இரவில் நிலம் தன் வெப்பத்தை விரைந்து இழக்க, வயலிலும் வாய்க்காலிலும் எழும் ஈரம் நுண்துளிகளாகித் தரையை ஒட்டி மிதக்கின்றது. நீர் நிறைந்த நம் நாட்டில் இதற்குக் குறைவுண்டோ? நிமிர்ந்த ஒளி அத்துளிகளில் பட்டு ஓட்டுநர் கண்ணுக்கே திரும்புகின்றது. இதனாலன்றோ மூடுபனி விளக்கை வண்டி முகப்பின் அடியில், தரைக்கு அணித்தாகப் பொருத்துகின்றனர்! அதன் ஒளி மேல்விளிம்பு வெட்டினாற்போல் நின்று, தாழ்ந்தும் அகன்றும் பரவிச் சாலையின் இரு கரையையும் காட்டும். நெடுந்தொலைவு காட்டுதல் அதன் தொழிலன்று. மஞ்சள் ஒளி பனியை ஊடுருவும் என்பார் பலர்; பனித்துளி ஒளியலையினும் பன்மடங்கு பெரியதாகலின் எந்நிறமும் ஏறக்குறைய ஒருபடியாகவே சிதறும். நிறத்தைவிட விளக்கின் சாய்வே பெரிது.

இனி, பனியில்லாத நாளில் இவ்விளக்குக்கு என்ன வேலை? ஒன்றுமில்லை. ஆயினும் கும்பகோணச் சாலையில் ஓரிரவு நின்று பார்ப்போர், நிலவு காயும் பொழுதிலும் அதனை அணிகலன்போல் எரியவிட்டுச் செல்லும் வண்டிகளைக் காண்பர். பின்புறச் சிவப்புப் பனிவிளக்கு இன்னும் கொடிது; தொடர்ந்து வருபவர்க்கு நிறுத்த விளக்கு எது என்றே விளங்காமற் செய்கின்றது. இங்கிலாந்தின் நெடுஞ்சாலை நெறிநூல், 100 மீட்டருக்குமேல் கண் தெரியாதபோதே பனிவிளக்கை எரிக்கலாமென்றும், பார்வை தெளிந்ததும் அணைத்தே தீரவேண்டுமென்றும் கூறுகின்றது. நம் நாட்டு 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளுள் 106-ஆவது, 8 மீட்டர் முன்னே 1.5 மீட்டர் உயரத்திலுள்ள கண்ணைக் கூசச் செய்யாவண்ணம் முன்விளக்கு தாழ்ந்திருக்க வேண்டுமென்கின்றது. 1.5 மீட்டர் என்பது ஏறத்தாழ நடந்து வருபவரின் கண்ணுயரம். 105-ஆவது விதியோ, இரவில் மட்டுமன்றிப் போதிய வெளிச்சமில்லாத எப்பொழுதும் விளக்கெரிய வேண்டுமென்கின்றது. பொழுது விடிந்ததென்று பனிக்கு நடுவே விளக்கணைப்பார் இதனை நோக்குவாராக. நான்கு திசைவிளக்குகளையும் ஒருங்கே மின்னவிட்டு ஓடுவதும் பிழையே. அவ்வண்டி எப்பக்கம் திரும்புமென யார் அறிவார்?

விளக்கு எவ்வளவு சீரியதாயினும் வேகத்திற்கு உரிமைச்சீட்டு ஆகாது. மணிக்கு 60 கிலோமீட்டர் விரையும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கின்றது. 30 மீட்டரே தெரியும் பனியில், கண்டு, கால் அழுத்தி, நிறுத்த இடமேது?

தைத் திங்களில் சம்பா அறுவடையாகும்போது இச்சாலைகளில் யார் யார் உளர் என்று எண்ணிப் பாருங்கள். நெல்லேற்றிய டிராக்டரின் பின்பெட்டிக்கு விளக்கிராது. கொள்முதல் நிலையத்தருகே சாலையோரம் நெல்லைக் குவித்துக் காவல் கிடக்கும் உழவர்க்குச் சாக்கே போர்வை. பால்காரரும் நடவாட்களும் இருள் பிரியாமுன் புறப்படுகின்றனர். விளக்கில்லாத இவர்களும் ஒளித்தகடாவது பொருத்தல் வேண்டும் என்பதை மறுக்கிலோம். எனினும் விசையும் விளக்கும் உடையவர் மீதே கடமை முதலில் விழும் என்பது எம் கருத்து. ஓட்டுநர் உரிமம் வழங்கும் தேர்விலே பனிவிளக்கைப் பற்றி ஒரு வினாவேனும் தவறாது கேட்கப்படுமானால் நலம். நம் கல்லூரிப் பழைய மாணவருள் கார் உடையோர் பலர். எதிரே ஒரு மிதிவண்டி தோன்றுங்கால் அவர்கள் விளக்கைத் தாழ்த்துவரேல், இறங்கி நிற்பவனுக்கு அது பேருதவியாம்.

எம் மிதிவண்டியின் பின்புறத்திலும் அன்று சிவப்புத் தகடு இல்லை. இப்பொழுது பொருத்தியுள்ளோம்.